ஐம்பது மீட்டர் கடல்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் மெஹருன்னிசா. பூமியின் காற்றையும் கடலையும் கணினிக்குள் கட்டி எழுப்பி, சூடாக்கிப் பார்ப்பது அவர் தொழில். சீடரின் பெயர் தணிகாசலம். ரயில்வேயில் இருபத்தாறு வருடம். முதல் நாலு வருடம் ஒரு ஜங்ஷனில், மீதி முழுக்கக் கால அட்டவணைப் பிரிவில். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துவிட்டார். கணக்கில் எம்.எஸ்சி. எப்போதோ முடித்திருந்தார். இந்த வயதில் ஏன் என்று யாராவது கேட்டால், "ரயில் எப்ப வரும்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. வேற ஏதாவது எப்ப வரும்னு பார்க்கலாம்னுதான்" என்பார்.

சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஆய்வுக்கூடம் கடற்கரையை ஒட்டி, மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் இருந்தது. சுவர் இரண்டடி கனம். மீனுக்காகக் கட்டிய குளிர்ச்சி இப்போது கணினிகளுக்கு உதவியது. மழை நாளில் மட்டும் தரையிலிருந்து பழைய மீன் வாடை கிளம்பும்.

கணினிக்கு முன்னால் எப்போதும் வரிசை உண்டு. மேடத்தின் பெயரில் இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருந்ததால் தணிகாசலம் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் முறை வந்தது.

காற்றில் இருக்கும் கரியமில வாயுவை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கினார். கடலை எளிய கடலாக வைத்தார். எளிய கடல் என்றால், உலகம் முழுக்க ஒரே கனத்தில் விரித்த தண்ணீர்ப் போர்வை. அதில் நீரோட்டம் கிடையாது. அடிக்கடல் கிடையாது. வெயில் பட்டால் சூடாகும், அந்தச் சூட்டைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நிஜக் கடலைப் போல ஒன்றைக் கட்டி ஓடவிட்டால் இந்தக் கணினி வருடக்கணக்கில் திணறும். எளிய கடல் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒரு வருடத்தைத் தாண்டிவிடும்.

ஓடவிடுவதற்கு முன் மேடத்தின் அறைக்குப் போனார்.

"எத்தனை வருஷத்துல அடங்கும் மேடம்?"

சூடு ஏறுவது நின்று, உள்ளே வரும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் சமமாகிவிடுவதை அங்கே அடங்குவது என்பார்கள்.

மெஹருன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஆழம் எவ்வளவு போட்டிருக்கீங்க சார்?"

"ஐம்பது மீட்டர்."

"அப்ப ஓடவிட்டுப் பாருங்க."

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் மறுபடி கேட்பது மரியாதையில்லை. திரும்பி வந்துவிட்டார்.

ஆனால் அவருக்கு அவசரம் இருந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வடக்கே ஒன்றரை கிலோமீட்டரில் கொண்டல்குப்பம். எண்பத்துநாலு வீடு. எல்லோரும் சின்ன ஃபைபர் படகுக்காரர்கள். ஆறேழு வருடமாகக் கரையோரத்தில் மீன் அற்றுக்கொண்டே வந்தது. தண்ணீர் சூடேறச் சூடேற மீன் தள்ளித் தள்ளிப் போனது. அவ்வளவு தூரம் சின்னப் படகு போகாது. முப்பது கிலோமீட்டர் தெற்கே புதுத் துறைமுகம் வந்திருக்கிறது, அங்கே வீடு தருகிறோம், பெரிய படகுகளில் வேலை இருக்கிறது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஒரு நிபந்தனை. வந்தால் ஊரோடு வர வேண்டும். பாதிப் பேர் வருகிறோம், பாதிப் பேர் இருக்கிறோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.

தணிகாசலம் வாரம் இரண்டு முறை அங்கே மீன் வாங்கப் போவார். பத்து நாளைக்கு முன் அப்படிப் போயிருந்தபோது ஊர்த் தலைவர் கலியமூர்த்தி பேச்சுவாக்கில் கேட்டார்.

"கடல் சூடு ஏறிக்கிட்டே போவுதுங்கிறீங்களே சார். ஒரு இடத்துல நின்னுதானே ஆவணும்?"

"ஆமா. நிக்கும்."

"எப்ப?"

இருபத்தாறு வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"பஞ்சாயத்து அன்னிக்குத் தேதியோட வரேன்."

அவர் மீன் பையோடு வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சீக்கிரம் நிற்கும் என்றால் பொறுத்திருக்கலாம். நிற்காது என்றால் போய்விடலாம். ரயில்வேக்காரர் தேதி சொல்லப் போகிறார்.

மறுநாள் மேடத்திடமும் இதைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. மெஹருன்னிசா, "அப்படியா?" என்றார்.

*

புதன்கிழமை காலை கணினிக்குள் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. தணிகாசலம் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போனார். முதல் நாலைந்து வருடம் மலையேறுவது போல ஏறிய கோடு, இப்போது மேசைமேல் வைத்த ஸ்கேல் போலக் கிடந்தது.

"நின்னுடுச்சு மேடம்."

மெஹருன்னிசா காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"மேல பாத்தீங்களா?"

"மேலன்னா?"

"காத்து முடியற இடத்துல. உள்ள எவ்வளவு வருது, வெளிய எவ்வளவு போகுது?"

தணிகாசலம் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வர்றது கொஞ்சம் அதிகமா இருக்கு. ரொம்பக் கொஞ்சம்தான் மேடம். ஒரு சதுர மீட்டருக்குக் கால் வாட்டுக்குச் சித்த மேல."

"கொஞ்சமோ நிறையவோ. வருதா?"

"வருது."

"அப்ப நிக்கலை."

தணிகாசலம் கோட்டை மறுபடி பார்த்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது நின்றுவிட்ட கோடாகவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை முப்பத்தாறாவது வருடம் முடிந்தது. இந்த முறை முதலில் மேலே பார்த்தார். கடைசிப் பத்து வருடமாக வருவதும் போவதும் சரியாக இருந்தன. கடல் மூன்று டிகிரி ஏறி நின்றிருந்தது. பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், இருபத்தைந்தாவது வருடத்துக்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

ஒரு பெரிய அட்டை வாங்கி வந்தார். பஞ்சாயத்தில் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்: இன்னும் 27 வருடம்.

இரண்டு வருடம் அவர் சேர்த்தது. கால அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஸ்டேஷனுக்கும் அதற்கு முந்தின ஸ்டேஷனுக்கும் நடுவில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். வழியெல்லாம் தாமதமாக வந்த ரயிலும் கடைசியில் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். பிரயாணிகள் நல்ல பேர் சொல்லுவார்கள்.

அட்டையை மேடத்தின் மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"எழுத்து நல்லா இருக்கு சார்" என்றார் மெஹருன்னிசா.

"விஷயம்?"

"போன வாரம் என் பேர்ல ரெண்டு வேலை ஓடுச்சே. அதைப் பாத்தீங்களா?"

"அது உங்க வேலைன்னு நான் தொடலை."

"உங்க வேலைதான். நீங்க எழுதி வச்சிருந்த ஃபைலைத்தான் எடுத்தேன். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்.

முதல் ஓட்டத்தில் கடல் ஏறக்குறைய அதே மூன்று டிகிரியில் போய் நின்றது. ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று வருடத்திலேயே அடங்கிவிட்டது. இரண்டாவதும் அதே மூன்று டிகிரிதான். அடங்க ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது.

கணினியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். மூன்று ஃபைல்களையும் அச்செடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழைய அட்டவணையையும் புது அட்டவணையையும் ஒப்பிடுவது போல, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். அதே வெயில். அதே காற்று. அதே கரியமில வாயு. நூற்றுப் பதினேழாவது வரியில் ஸ்கேல் நின்றது.

கடலின் ஆழம். ஒன்றில் இருபத்தைந்து. ஒன்றில் நூறு. அவருடையதில் ஐம்பது.

அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். தனக்கு முன்னால் இருந்த மாணவரின் ஃபைலிலிருந்து வந்தது. அந்த மாணவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவரின் ஃபைலிலிருந்து வந்திருக்கும். அங்கே எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். யாரும் அந்த வரியை நின்று பார்ப்பதில்லை.

சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. பிறகு எழுந்து மேடத்தின் அறைக்குப் போனார்.

"மூணுமே ஒரே இடத்துலதான் போய் நிக்குது மேடம்."

"ஆமா."

"நிக்க எடுத்துக்கற நேரம்தான் வேற வேற."

"ஆமா."

"எவ்வளவு சூடாகும்ங்கறது கடல் சொன்ன பதில். எப்பங்கறது நான் போட்ட நம்பர்."

மெஹருன்னிசா எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"நிஜக் கடல் எவ்வளவு எடுத்துக்கும்?"

"அது நாலாயிரம் மீட்டர் கீழ போகுது. மேல் தண்ணி சீக்கிரம் சூடாயிடும். அதை மெள்ள மெள்ள அடித் தண்ணி இழுத்துக்கும். நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல போகும். எப்ப முடியும்னு ஒரு வருஷத்தைக் குறிச்சுக் குடுக்கற ஆளை நான் இன்னும் பார்க்கலை."

"செவ்வாய்க்கிழமையே நான் கேட்டேனே மேடம். அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே."

தணிகாசலத்துக்கு டிபன் பாக்ஸும், அப்போது மேடம் ஆழத்தைக் கேட்டதும் நினைவுக்கு வந்தன.

நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டை எதிரே சாய்ந்து நின்றது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"ஊருக்கு வாக்குக் குடுத்துட்டேன். தேதியோட வரேன்னு."

"தெரியும்."

"கைய வீசிக்கிட்டுப் போய் நிக்க முடியாது."

"மூணு டிகிரி இருக்கே."

"அதை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அதை அவங்கதான் சொல்லணும்."

"நீங்களும் வாங்க மேடம்."

"வரேன். பேச மாட்டேன்."

*

சனிக்கிழமை மதியம் தணிகாசலம் குப்பத்துக்குப் போனார். பஞ்சாயத்துக்கு முன்னால் தலைவரிடம் மட்டும் சொல்லிவிடுவது முறை என்று நினைத்தார்.

கலியமூர்த்தி படகு எஞ்சினைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். தணிகாசலம் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"தெரியலைங்கிறீங்க."

"எப்பங்கறது தெரியலைங்க."

"உட்காருங்க சார்" என்று ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். "எம் மவன் போவணும்ங்கிறான். அவன் கூட ஒரு இருபது பசங்க. நான் பொறுத்துப் பாப்பம்ங்கிறேன். எங்கூட ஒரு இருபது பேரு. மீதி ஜனம் நடுவுல நின்னு உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. ஒரு தேதி சொல்லுங்க. எந்தத் தேதின்னாலும் சரி. ஊரை நான் புடிச்சு நிறுத்திக்கிறேன்."

"பொய்யாயிடுமே."

"பொய்யின்னு யாரு சொன்னா? ரயிலு எப்ப வரும்னு உங்களுக்கே தெரியலேன்னு வச்சுக்குவம். பலகையில ஒரு நேரம் போடுவீங்கள்ல?"

தணிகாசலம் கழற்றிக் கிடந்த எஞ்சினைப் பார்த்தார்.

போட்டிருக்கிறார். ஜங்ஷனில் வேலை பார்த்த காலம். மழையில் எங்கோ பாதை அறுத்துக்கொண்டுபோய், ரயில் எங்கே நிற்கிறது என்றே தகவல் இல்லை. இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுதினார். இரண்டு மணி நேரம் கழித்து, இன்னும் இரண்டு மணி நேரம் என்று மாற்றினார். யாரும் சொல்லி எழுதியதில்லை, வெறும் பலகையைப் பார்த்தால் ஜனங்கள் கோபப்படுவார்கள் என்று அவராகவே எழுதியது. ஒரு பெண், இருபது வயது இருக்கும், ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பலகைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை பரீட்சை. வெளியே கடைசி பஸ் கிளம்பும் சத்தம் இருவருக்கும் கேட்டது. ஒன்பது மணி நேரம் கழித்துத்தான், ரயில் வரவே வராது என்று தகவல் வந்தது. அவள் சண்டை போடவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "தெரியலைன்னு எழுதியிருந்தா நான் பஸ்ல போயிருப்பேனே சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன சார், பேச்சையே காணோம்?"

"போடுவோம்ங்க" என்றார் தணிகாசலம். "போட்டிருக்கேன்."

"பின்ன?"

தணிகாசலம் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வரேன்" என்றார்.

*

பஞ்சாயத்து மீன் ஏலக் கொட்டகையில் நான்கு மணிக்குக் கூடியது. ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பஞ்சாயத்தில் உட்காரும் வழக்கம் இல்லை. ஆகவே பின்னால் கவிழ்த்த கூடைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு என்னவோ அங்கிருந்துதான் அதிகம் வந்தது. மெஹருன்னிசா அவர்கள் நடுவில் ஒரு கூடையில் இடம் பிடித்துக்கொண்டார்.

அட்டை கொண்டுவரவில்லை. தணிகாசலம் எழுந்து நின்றார்.

"காத்துல கரியமில வாயு ரெண்டு மடங்கானா, கடல் மூணு டிகிரி வரைக்கும் ஏறும். அதுவரைக்கும் நிக்காது. எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியலை."

கூடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மீன் விற்கும் அமராவதி.

"ரயிலு ரத்தா சார்?"

கொட்டகையே சிரித்தது.

"அதைச் சொல்லவா அத்தினி நாளா மிசினு ஓட்டுனீங்க?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மிஷின்ல ஒரு கடல் வச்சிருக்கோம்ங்க. அது வேற மாதிரி கடல். ஐம்பது மீட்டர்தான் ஆழம்."

"பாகத்துல சொல்லுங்க."

தணிகாசலத்துக்குப் பாகக் கணக்கு தெரியாது. பக்கத்திலிருந்த ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, இவ்வளவுதான் ஒரு பாகம் என்று விளக்கிவிட்டு, மனதுக்குள் கணக்குப் போட்டார். "இருபத்தேழு பாகம் வரும்."

"எந்த எடத்துல இருபத்தேழு?"

"எல்லா இடத்துலயும்ங்க. உலகம் பூரா."

"உலகம் பூரா இருபத்தேழு பாகமா?" முன்வரிசைக்காரர் சுற்றிலும் பார்த்தார். "நீரோட்டம்?"

"கிடையாது."

"அலை?"

"கிடையாது."

"மீனாவது இருக்கா?"

"இல்லைங்க."

"தண்ணித் தொட்டின்னு சொன்னா ஆவாதா சார்? எதுக்குக் கடல்னு பேரு வச்சீங்க?"

மறுபடி சிரிப்பு. இந்த முறை தணிகாசலமும் சிரித்தார். கூடையிலிருந்த மெஹருன்னிசா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை.

"இருக்கட்டும். அந்தக் கடல்ல எப்ப நின்னுச்சு? அதைச் சொல்லுங்க."

தணிகாசலம் அவரைப் பார்த்தார். கேள்வி பொதுவாகக் கேட்ட மாதிரி இருந்தது. கண் வேறொன்றைக் கேட்டது.

"அந்தக் கடல்ல இருபத்தஞ்சு வருஷங்க."

பாயில் ஒரு சலசலப்பு ஓடியது. இருபத்தஞ்சாம், இருபத்தஞ்சாம் என்று பின்வரிசை வரை போனது. கலியமூர்த்தியின் தோள் லேசாக நிமிர்ந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். பொய் எதுவும் சொன்னதாக ஆகாது.

தணிகாசலம் உட்காரவில்லை.

"அதே கடல்ல ஆழத்தைப் பாதியாக் குறைச்சா பன்னெண்டு வருஷத்துல நின்னுடுது. ரெண்டு மடங்காக்கினா ஐம்பது வருஷம் ஆகுது. ஆழம் எவ்வளவுங்கறதை நான்தான் என் கையால போட்டேன். உங்களுக்கு எந்த வருஷம் வேணும்னாலும் அந்த மிஷின்ல வர வச்சுடுவேன். நம்ம கடலுக்கு அப்படிப் போட எனக்குக் கை இல்லைங்க."

சலசலப்பு அடங்கியது. வெளியே யாரோ படகை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப எங்க ஆயுசுல நிக்குமா?" என்று கேட்டார் பாகக் கணக்குப் போட்டவர்.

"முழுசா அடங்கறது நம்ம ஆயுசுல இருக்காது. அது மட்டும் தெரியும்."

அமராவதி கூடையிலிருந்து எழுந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். இத்தினி வருஷத்துல சரியாயிடும்னு சார் சொல்லியிருந்தா, நானே இருப்பம்னு சொல்லியிருப்பேன். எண்ணிக்கிட்டே உக்காந்திருந்திருப்பேன். இவரு தெரியலைங்கிறாரு. தெரியாதத எப்புடி எண்ணுறது? போறதுன்னா இப்பப் போவம். இப்ப கூடை தூக்க எனக்கு இடுப்பு இருக்கு. பொறவு அங்க போயி என்னத்தத் தூக்குவேன்?"

மறுத்துப் பேசக் கூடியவர்கள் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கையத் தூக்குங்க" என்றார்.

முதலில் அவர் மகன் கை உயர்ந்தது. பிறகு இளவட்டங்கள். பிறகு நடுவில் இருந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. பஞ்சாயத்தில் எண்ணப்படாத கைகளும் பின்னால் கூடைகளின்மேல் உயர்ந்தன. கலியமூர்த்தி எண்ணி முடிக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது. முழுக்க எண்ணிவிட்டுத்தான் சொன்னார்.

"சரி. போறம்."

கூட்டம் கலைந்தது. கொட்டகை வாசலில் அவர் தணிகாசலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இருந்தால் தேவலை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. கோபம் இல்லை.

"அம்பதுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன் சார்" என்றார். "அம்பதை எம் பேரனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்ங்க."

கலியமூர்த்தி தலையாட்டினார். நேற்றுப் பரப்பி வைத்த எஞ்சின் இன்னும் சாக்கின்மேல் கிடந்தது. அதை நோக்கிப் போனார்.

*

குருவும் சீடரும் கரையோரமாகவே நடந்து திரும்பினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. குப்பத்தின் கடைசிப் படகையும் தாண்டினார்கள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காளோ" என்றார் தணிகாசலம்.

எந்தப் பெண் என்று மெஹருன்னிசா கேட்கவில்லை. தணிகாசலமாகவே சொன்னார். மழை, பலகை, கடைசி பஸ், பிளாஸ்டிக் உறை. சொல்லி முடித்தபோது ஆய்வுக்கூடத்தின் கனத்த சுவர் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்குத் தெரியலைன்னு எழுதிட்டீங்க" என்றார் மெஹருன்னிசா.

"எழுதிட்டேன். எழுதினா மனசு லேசாயிடும்னு நினைச்சேன் மேடம். ஆகலை. இப்ப அவ முகத்துக்குப் பக்கத்துல தலைவர் முகமும் வந்து நிக்குது. ஒரு பஸ் போயிடுச்சு, ஒரு ஊர் போகப் போகுது. எது சரி, எது தப்புன்னு தெரிஞ்சிருந்தும் உள்ள சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கு."

மெஹருன்னிசா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"இது எப்ப அடங்கும் மேடம்?"

மெஹருன்னிசா நடையை நிறுத்தவில்லை.

"ஆழம் எவ்வளவு போட்டிருக்கீங்க சார்?"